சூடு வராத ஹீட்டரும் கண்ணாடிக்கு ஏறாத காற்றும்

ஊட்டியில் கார் ஹீட்டரைச் சொகுசுப் பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் விடியும்போது புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். காருக்குள் நாலு பேர் ஏறி மூச்சுவிட்டாலே முன்கண்ணாடி மூடிக்கொள்ளும். சென்னையில் அந்தச் சிவப்பு, நீல நாபை வருஷக்கணக்கில் ஒருவரும் தொடுவதில்லை. அங்கே ஓடிய காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி மலையேற்றும்போதுதான் வண்டவாளம் தெரியும். என் கார் அப்படி வந்ததுதான்.

நாபைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பினாலும் சில்லென்றுதான் காற்று வந்தது. கண்ணாடிக்குத் திருப்பினால் முகத்துக்கே அடித்தது. ஃபேன் நாலாம் நம்பரில் மட்டும் சுற்றியது. "டேஷ்போர்டை மொத்தமா இறக்கணும் சார்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருமுறை இறக்கி மாட்டிய டேஷ்போர்டு பள்ளம் மேடெல்லாம் கடகடக்கும். இறக்காமல் பார்க்க முடிந்ததை முதலில் பார்த்துவிடலாம் என்றேன். மூன்றும் ஒரே இடத்துப் பழுது போலத் தோன்றும். ஆனால் சூட்டைத் தருவது எஞ்சின், திசையை மாற்றுவது கேபிள், வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர்.

எளிதானதிலிருந்து தொடங்கினோம். முழு வேகத்தில் மட்டும் ப்ளோயர் ஓடினால் அநேகமாக ரெசிஸ்டர் போயிருக்கும். முழு வேகத்துக்கு மின்சாரம் அதைத் தொடாமல் நேராகப் போய்விடுகிறது, அதனால்தான் அந்த ஒரு நம்பர் பிழைத்திருக்கிறது. பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றிரண்டு ஸ்குரூதான். மாற்றும்போது சாக்கெட் உருகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், உருகியிருந்தால் அதையும் மாற்றவேண்டும். கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள். என்னுடையதில் மரச் சருகு அடை அடையாக இருந்தது. எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

கிளவ் பாக்ஸ் கழன்று கிடக்கும்போதே அடுத்ததையும் பார்த்துவிடலாம். ஒருவர் திசை நாபைத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்து உள்ளே லிவர் அசைகிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் கண்முன்னே நடந்தது இது: கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்கவேண்டிய கிளிப் கழன்றுவிட்டதால், உள்கம்பி தள்ளுவதற்குப் பதில் உறையே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. காற்றைத் திருப்பும் ஃபிளாப் அசையவே இல்லை. கிளிப்பை மாட்டியதும் காற்று கண்ணாடிக்கு ஏறியது. நாப் இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் லிவர் ஒடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் கேபிள் இருக்காது, குட்டி மோட்டார்தான். டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று பல்லி கத்துவதுபோலச் சத்தம் வந்தால் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சூடுதான் பெரிய வேலை வைத்தது. எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன் வழியாக வரும் காற்றுதான் நமக்குக் கதகதப்பு. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் நாபை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, வண்டியை அணைத்து, பானட்டைத் திறந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் பழுது உள்ளே ஃபிளாப்பில். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கலாம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, குழாயில் காற்று, அல்லது மூடாமல் நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் என்றால் டெம்பரேச்சர் முள்ளும் மேலே ஏறாது.

என் காரில் தொட்டுப்பார்க்க ஹோஸே இல்லை. எஞ்சினிலிருந்து கிளம்பியது வளைந்து எஞ்சினுக்கே திரும்பியிருந்தது. கோரின் இரண்டு குழாய்களும் துருவேறி வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கோர் ஒழுகினால் மாற்றுவது பெரிய செலவு; ஹீட்டர் தேவைப்படாத ஊரில் பைபாஸ் செய்து அனுப்பிவிடுவார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மலைக்கு வாங்குகிறவர் பேரம் பேசுமுன் பானட்டைத் திறந்து அந்த இரண்டு ஹோஸைப் பார்த்துவிடவேண்டும்.

ஆக, டேஷ்போர்டு கடைசியில் இறங்கத்தான் செய்தது. புதுக் கோர் போட்டதோடு, ஃபிளாப்பில் உதிர்ந்துபோன ஃபோமையும் ஒட்டச் சொன்னேன். பச்சைத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினோம். வெறும் தண்ணீரால் துருப்பிடித்துக் கோர் அடைத்துக்கொள்ளும். மேலும், ஊட்டி இருக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் இங்கே சீக்கிரம் பொங்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

ஹீட்டர் சரியான பிறகும் கண்ணாடி மூடுகிறது என்பவர்கள் பெரும்பாலும் உள்காற்றையே சுழலவிடுகிறார்கள். வெளிக்காற்றுக்கு மாற்றி, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும். அப்படியும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல ஒட்டி, காருக்குள் இனிப்பு வாடை அடித்தால் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். முன்சீட்டுக் காலடிக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் பிசுபிசுத்தால் கூலன்ட். அது விஷம், குழந்தைகள் கைபடாமல் துடைத்தெடுங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம், அதைக் குத்திவிட்டால் போதும்.