பிக்கப் வாங்கப் போகும் மகனுக்கு

பாகான் செராய், பேராக்.

சிரஞ்சீவி மகனுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம். உன் பெரியம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்காலம் வருவதை வானிலைக் காரியாலயத்தாருக்கு முன்பாகவே அறிவித்துக்கொண்டிருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை எடுத்து ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் தொழிலில் இறங்க உத்தேசித்திருப்பதாகவும், அதற்கு எந்த வண்டி வாங்குவது என்பதில் உன் சிநேகிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதாகவும் எழுதியிருக்கிறாய். ஒரு கட்சியார், நம் நாட்டில் செய்த வண்டி இருக்க அந்நியனுக்கு ஏன் பணம் அழ வேண்டும் என்று பழைய புரோட்டோன் அரீனா ஒன்றைக் காட்டுகிறார்கள். மறு கட்சியார், ஜப்பான் வண்டியைத் தவிர மற்றதெல்லாம் தகரம் என்று சொல்லி, ஒன்பது வருஷக் கடனில் புத்தம் புதிய இரட்டைக் கேபின் டொயோட்டா ஹைலக்ஸை எடுக்கும்படி நெருக்குகிறார்கள். இருவருக்கும் நடுவில் நின்று என் அபிப்பிராயத்தைக் கேட்கிறாய். கேட்டதற்குச் சந்தோஷம், இக்காலத்துப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டபின் அல்லவா கேட்கிறார்கள்!

ஜப்பான் சாமான்மீது கோபப்பட நம் வீட்டில் யாருக்காவது நியாயம் இருந்ததென்றால் அது உன் தாத்தாவுக்குத்தான். 1943-ல் தோட்டத்து லயத்திலிருந்து லோரியில் ஏற்றப்பட்டு, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் மண் சுமந்து, கூடப் போனவர்களில் அநேகரைக் காட்டிலேயே பறிகொடுத்து, மலேரியாக் காய்ச்சலோடு திரும்பி வந்தவர் அவர். எழுபதுகளில் எங்கள் தோட்டத்து நிர்வாகம் பழைய இங்கிலாந்து வண்டியை ஒதுக்கிவிட்டு டட்சன் பிக்கப் ஒன்றை வாங்கியபோது, அதில் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாகச் சைக்கிளிலேயே போய்வந்தார். துரையின் இங்கிலாந்து வண்டியில் ஏறும்படி அவரை ஒருவரும் ஒருநாளும் அழைத்ததில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் நெஞ்சு வலி கண்ட இரவில் அந்த டட்சன்தான் அவரைத் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. திரும்பி வந்தபின் அவர் அந்த வண்டியைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

நான் அப்போது தோட்டக் காரியாலயத்தில் கிராணி. வண்டிச் செலவுக் கணக்கு என் கையில் இருந்தது. இங்கிலாந்து வண்டி பலவீனமான வண்டி என்று நான் சொல்லமாட்டேன். சேற்றில் அது யானைபோல் நடந்தது. ஆனால் ஒரு சிறு உருளை தேய்ந்துபோனாலும் பினாங்கிலிருந்த ஏஜெண்டுக்கு எழுதி, அவர் கப்பலை எதிர்பார்த்து, பாகம் வந்துசேரும்வரை வண்டி கொட்டகையில் கோழிகள் அடைகாக்கும் இடமாகக் கிடக்கும். ஜப்பான் வண்டியும் பழுதாகத்தான் செய்தது. ஆயினும் அதற்குரிய பாகம் பாகான் செராய்க் கடைத்தெருவிலேயே, இல்லாவிட்டால் பாரிட் புந்தாரில், சீனர் கடையில் அன்று மாலைக்குள் கிடைத்து, மறுநாள் காலையில் வண்டி ஓடிற்று. அந்நியர் இருவரில் ஒருவர் போய் மற்றொருவர் வந்த வரலாறு, என் கணக்குப் புத்தகத்தில் இவ்வளவுதான்.

பிற்பாடு ராஜாங்கமே திசை திரும்பியது. 1981-ல் டாக்டர் மகாதீர் பிரதமராகி, பிரிட்டிஷ் சாமானைக் கடைசியாக வாங்குங்கள் என்று உத்தரவிட்டு, மறுவருஷம் கிழக்கை நோக்கும் கொள்கையைப் பிரகடனம் செய்து, 1983-ல் புரோட்டோன் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். 1985 ஜூலையில் முதல் சாகா கார் வெளிவந்தது. நம் தேசத்தின் கார் என்று எல்லாரும் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆயினும் அதன் சரீரமும் எஞ்சினும் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. 1993-ல் தோன்றிய பெரோடுவாவுக்கும் பின்னால் நின்றது ஜப்பானின் டைஹாட்சு. உன் சிநேகிதர் காட்டும் அரீனா 2002-ல் வெளிவந்தது; புரோட்டோனின் வீரா காரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியைப் பாரப் பெட்டியாக மாற்றிச் செய்தது; அதற்குள் இருக்கும் ஒன்றரை லிட்டர் எஞ்சினும் மிட்சுபிஷியின் வம்சந்தான். அந்த வண்டி இங்கே விற்றதைவிட, ஜம்பக் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில்தான் அதிகமாக விற்றது. மறுபுறம், அந்நிய வண்டி என்று ஒரு கட்சியார் வெறுக்கும் ஹைலக்ஸை ஷா ஆலமில் நம் நாட்டுத் தொழிலாளர்களே பூட்டிச் சேர்க்கிறார்கள். மிட்சுபிஷியின் டிரைட்டனும் போர்டின் ரேஞ்சரும் தாய்லாந்தின் கீழைக் கடற்கரையில் செய்யப்பட்டு வருகின்றன. முன்பு அமெரிக்க ரேஞ்சரோடு உடன்பிறப்பாக இருந்த மஸ்டா பிக்கப், 2020 முதல் இசுசு டி-மேக்ஸோடு உறவுகொண்டுவிட்டது. இந்தக் கோத்திரக் குழப்பத்தில் எது சுதேசி, எது பரதேசி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குழப்பமும் அல்ல. அமெரிக்காவில் 1964 முதல் வெளிநாட்டுச் சிறு பாரவண்டிகளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வரி விதித்தார்கள். ஐரோப்பியர் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாகப் பிறந்த அந்த வரி, கோழிச் சண்டை ஓய்ந்தபின்னும் ஓயவில்லை. ஆனால் எழுபதுகளில் போர்டு ஸ்தாபனம் தன் பெயரில் விற்ற கூரியர் பிக்கப் மஸ்டா செய்தது. செவ்ரோலே விற்ற சிறு பிக்கப் இசுசு செய்தது. தேசாபிமானத்தோடு உள்ளூர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்கியவன், ஜப்பான் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

நீ ஊன்றிப் படிக்க வேண்டியது இந்தியாவில் நடந்த கதை. எண்பதுகளின் நடுவில் அந்நாட்டு ராஜாங்கம் கதவைச் சற்றுத் திறந்ததும், டொயோட்டா, மஸ்டா, மிட்சுபிஷி, நிசான் ஆகிய நான்கு ஜப்பானிய ஸ்தாபனங்களும் ஆளுக்கொரு இந்தியக் கூட்டாளியைப் பிடித்து, இலகுரகப் பாரவண்டிகளோடு ஒரே சமயத்தில் சந்தைக்குள் நுழைந்தன. ஜப்பானியரின் கைத்திறனுக்கு முன் உள்ளூர்க்காரன் நிற்பானா என்று எல்லாரும் கைகொட்டிப் பேசிக்கொண்டிருக்கையில், டாடா 1986-ல் 407 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அவ்வேளை யென் நாணயத்தின் மதிப்பு மளமளவென்று உயர்ந்ததால், ஜப்பானிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டியவர்களின் விலை தாங்கமுடியாமல் போயிற்று; நம் புரோட்டோனையும் அதே யென்தான் அக்காலத்தில் வாட்டியது. டாடாவோ தன் பாகங்களைத் தன் நாட்டிலேயே செய்துகொண்டது. எந்தக் குக்கிராமத்து மெக்கானிக்குக்கும் அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருந்தது. நான்கு கூட்டணிகளில் சில கைமாறின, சில மறைந்தன. 407 இன்றுவரை ஓடுகிறது. 2005-ல் அதே ஸ்தாபனம் இரண்டே சிலிண்டர் உள்ள ஏஸ் என்ற சின்ன வண்டியைச் செய்தபோது, தமிழ்நாட்டுக் காய்கறிக்காரனும் தண்ணீர்க்கேன் போடுகிறவனும் அதற்குக் குட்டி யானை என்று பெயரிட்டுத் தங்கள் சந்துக்குள் அழைத்துக்கொண்டார்கள். சுதேசி என்பதற்காக அவன் அதை வாங்கவில்லை. அவன் சந்தின் அகலத்தையும் பையிலிருந்த பணத்தையும் அறிந்து செய்யப்பட்டிருந்ததால் வாங்கினான். சுதேசி வண்டி ஜெயிக்கும் வழி அது ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம். தஞ்சோங் மாலிமில், நம் பேராக் மண்ணிலேயே, அத்தனை பெரிய கார்த் தொழிற்சாலையை வைத்திருப்பவர்கள், செம்பனைச் சிறுதோட்டக்காரனுக்கென்று ஒரு பாரவண்டியை மனதில் வைத்து உருவாக்குவார்களானால், உன் ஹைலக்ஸ் கட்சிக்காரர்களே முதலில் வரிசையில் நிற்பார்கள்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். உன் தொழிலில் எதிரி காலந்தான். வெட்டிய குலை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் இறங்கி, விலையும் இறங்கும். ஆகவே இரண்டு நாள் பட்டறையில் நிற்கும் வண்டி, எந்த நாட்டு வண்டியானாலும், உன்னைப் பட்டினி போடும். இரண்டாவது எதிரி மண். 1906-ல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து, புக்கிட் மேரா அணை நீர் வாய்க்கால்வழி வந்த நாள் முதல் நம் வட்டாரம் நெல்லுக்குப் பேர்போனது. நெல்லுக்கு உகந்த களிமண், பாரவண்டிக்கு உகந்ததாக இருக்குமா? அரீனாவில் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. பின்னால் குலையை ஏற்ற ஏற்ற முன்பக்கம் இலேசாகி, மழைநாளில் வரப்போரத்து ஏற்றத்தில் சக்கரம் சுற்றுமே ஒழிய வண்டி நகராது. பின்சக்கரம் இழுக்கும் ஜப்பான் வகைப் பிக்கப்புக்குப் பாரம் ஏறுவதே பிடிமானம். நீ மளிகைச் சாமானையோ இட்டலி மாவையோ டவுனுக்குள் கொண்டுபோய்ப் போடுகிறவனாக இருந்தால், அரீனாவை நானே சிபாரிசு செய்திருப்பேன்; பெட்ரோல் வண்டி, எஞ்சின் பக்கத்துப் பாகம் எல்லாம் வீராவினுடையது, வீரா ஓடாத கம்பம் இந்நாட்டில் இல்லை. செம்பனைக் காட்டுக்குள் அது வேண்டாம்.

அதற்காகப் புது ஹைலக்ஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடாதே. லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒன்பது வருஷம் தவணை கட்டுகிறவன், குலை விலை இறங்கிய மாதத்திலும், மழையில் வெட்டு நின்ற மாதத்திலும் கட்டியாக வேண்டும். இரட்டைக் கேபினும் தோல் இருக்கையும் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்த அழகாக இருக்கும். உள்ளே அமரும் இடம் கூடக்கூடப் பாரப் பெட்டி குட்டையாகிறது என்பதை அந்த அழகில் ஒருவரும் கவனிப்பதில்லை. டீசல் கணக்கையும் மறவாதே: 2024 ஜூன் 10-ந் தேதி தீபகற்பத்தில் உதவித்தொகை எடுக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாயிற்று, பிறகு வாரந்தோறும் ஏறி இறங்குகிறது. தகுதியுள்ளவர்களுக்கு ராஜாங்கம் அப்போது மாதம் 200 வெள்ளி கொடுக்கத் தொடங்கியது. உனக்குத் தகுதி உண்டா என்பதைச் சிநேகிதரிடம் கேளாமல் விண்ணப்பித்துத் தெரிந்துகொள். ஒரு வேடிக்கை: அந்த டீசலில் ஒரு பங்கு நம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்ததுதான். நீ சுமக்கும் குலையே உன் வண்டியையும் ஓட்டும்; தேசாபிமானக் கட்சியார் இதைக் கேட்டாவது சற்றுச் சமாதானம் அடையட்டும்.

ஆகவே என் யோசனை: ஒற்றைக் கேபின், நீண்ட பெட்டி, கையால் கியர் போடும் பழைய ஜப்பான் பிக்கப், உன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து, மீதிக்கு மூன்று நான்கு வருஷத்துக்கு மேற்படாத கடனில் வாங்கத்தக்கது. ஹைலக்ஸா, டி-மேக்ஸா, டிரைட்டனா என்பதை நீயும் நானும் தீர்மானிக்க வேண்டாம். உன் வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறைக்காரர் எதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ, எதன் பாகம் அவர் அலமாரியில் ஏற்கெனவே கிடக்கிறதோ, அதுவே உன் வண்டி. பழைய ஹைலக்ஸின் இரண்டரை லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்று ரசீதைக் கேள், வாய்வார்த்தையைக் கேளாதே. சாஸ்ஸிக்கு அடியில் படுத்துத் துருவைப் பார். குலை ஏற்றிய வண்டிக்குத் துரு உள்ளிருந்து வரும். ஸ்பிரிங் பட்டை புதிதாக இருந்தால் சந்தோஷப்படாதே, முன்பு எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்று விசாரி. பிக்கப்பின் சக்தி ஏறக்குறைய ஒரு டன். இரண்டு டன் ஏற்றினாலும் அது ஓடும், சில காலத்துக்கு. வண்டிக்கு முன்னால் காகிதங்களையும் முடித்துக்கொள்: குலை வாங்கி விற்க மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும், சொந்தச் சரக்கு ஏற்றுவதற்கும் கூலிக்குப் பிறர் சரக்கு ஏற்றுவதற்கும் போக்குவரத்து உரிமம் வேறு வேறு.

வீட்டுக்கென்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, உன் மனைவி ஓட்ட, பின்னால் ஒரு கார் வாங்குவாய் அல்லவா? அதைப் பெரோடுவாவாகவோ புரோட்டோனாகவோ வாங்கு; அதிலே உன் தேசாபிமானத்தைக் காட்ட ஒரு தடையுமில்லை, பணமும் மிஞ்சும்.

நீ எழுதிய வண்டிகளில் எதற்கும் இன்னும் முன்பணம் கொடுத்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. நம் கடைத்தெருப் பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று பழைய வண்டிகளை அவரோடு நேரில் பார்த்தபின் பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.