ஒரு கப் பழம் எத்தனை கிராம்?

மசித்த வாழைப்பழம் ஒரு கப் என்கிறது அமெரிக்க கேக் குறிப்பு. வீட்டில் இருப்பதோ கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 250 மில்லி. இந்த வித்தியாசம் பெரிதல்ல. பழத்தை எப்படி நறுக்குகிறோம் என்பதுதான் கணக்கையே மாற்றிவிடும்.

வட்டமாக நறுக்கிய வாழைப்பழம் ஒரு அமெரிக்க கப்பில் சுமார் 150 கிராம்தான் பிடிக்கும். துண்டுகளுக்கு நடுவே காற்று உட்கார்ந்திருக்குமே! அதையே மசித்து நிரப்பினால் 225 கிராம். நறுக்கியதை அளந்து, பிறகு மசித்தால் கேக் மாவில் பழம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எனவே ‘மசித்தது ஒரு கப்’ என்பதற்கும் ‘ஒரு கப் பழம், மசிக்கவும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

மாம்பழம், அன்னாசித் துண்டுகள் கப்புக்கு ஏறக்குறைய 165 கிராம். பப்பாளித் துண்டுகள் 145, தோலோடு நறுக்கிய ஆப்பிள் 125. உலர் திராட்சையைச் சும்மா கொட்டினால் 145, அமுக்கி நிரப்பினால் 165. பழக்கூழ் எதுவானாலும் தண்ணீரின் எடையை ஒட்டியே, 230 கிராம் அளவில் நிற்கும்.

கடையில் வாங்கும்போது இன்னொரு கணக்கு உண்டு. வாழைப்பழத்தின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலுக்கே போய்விடும். அன்னாசியில் முள், தோல், நடுத்தண்டு எல்லாம் கழித்தால் பாதிதான் தேறும். ஜாம் கிளறுபவர்கள் சர்க்கரையைக் கப்பில் அளக்காமல், சுத்தம் செய்த பழத்தை நிறுத்து, அந்த எடைக்கே போடுவது நல்லது.