வருமா வராதா? பஸ் பிடிக்க அக்கா சொல்லும் ஆறு டிப்ஸ்

தங்கச்சி, ஸ்கூடாயிலிருந்து ஜேபிக்கு (ஜொகூர் பாருவுக்கு) வேலைக்குப் போகப் போகிறாய். பல வருடம் அதே சாலையில் நின்று கால் வலித்தவள் சொல்கிறேன், கேள். பஸ் மெதுவாகப் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருமா வராதா என்று தெரியாமல் நிற்பதுதான் ஆளைக் கொல்லும்.

1. முந்தின பஸ்ஸைப் பிடி
‘அரை மணிக்கு ஒரு பஸ்’ என்றால், ஒழுங்காக வரும் நாளில் சராசரியாக 15 நிமிடம் நிற்பாய். ஒரு மணி நேரம் ஒன்றும் வராமல் இரண்டு சேர்ந்தாற்போல் வந்தால்? பஸ் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் சராசரி 30 நிமிடமாகிவிடும். அதனால் காலையில், சரியான நேரத்துக்குக் கொண்டுவிடும் பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்கு முந்தினதைக் குறிவை.

2. பிதுங்கி வந்தால் பின்னால் பார்
தாமதமான பஸ்ஸுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் சேரும். ஏற்றி இறக்கி இன்னும் தாமதமாகும். பின்னால் வருவது ஆளில்லாமல் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைப் பார். அடுத்தது பக்கத்தில் இருந்தால் மட்டும் முதல் பஸ்ஸை விடு. தெரியவில்லையென்றால் ஏறிவிடு.

3. மாலையில் பாலம் தாண்டி வருவதை நம்பாதே
சிங்கப்பூரையும் ஜேபியையும் இணைக்கும், 1924-இல் திறக்கப்பட்ட காஸ்வே பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசலில் அதைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு திரும்ப, ஜேபியிலேயே புறப்படும் பஸ்ஸைத் தேடு. அது புறப்படும் இடத்துக்கே போய் ஏறினால் உட்காரவும் இடம் கிடைக்கும்.

4. வெள்ளிக்கிழமை உஷார்
2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி 1-இலிருந்து மறுபடி சனி, ஞாயிறு. இப்போது நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நாளில் லீவு. அதனால் வெள்ளி மாலை கூட்டம் ஒன்றாகச் சேரும். அன்று லார்க்கின் பஸ் நிலையம் பக்கம் வேலை இருந்தால், பகலிலேயே முடித்துக்கொள்.

5. புகாரில் விவரம் எழுது
நான் முதலில் ஒரு நிறுவனத்துக்கு, ‘உங்க பஸ் எப்பவும் லேட்’ என்று எழுதினேன். பதிலே இல்லை. பிறகு மூன்று வாரம் டைரியில் குறித்து அனுப்பினேன்: தேதி, நிறுத்தம், போகும் திசை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றேன், வந்த பஸ்ஸின் நம்பர் பிளேட். பதில் வந்தது. நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால் தரைப் பொதுப் போக்குவரத்தைக் கவனிக்கும் அபாட்டுக்கு எழுது. ஓட்டுநரோடு சண்டை போடாதே. நெரிசலும் அட்டவணையும் அவர் கையில் இல்லை. பாட்டி ஏறும்வரை பொறுத்து நிறுத்தியவரையும் அதே விவரத்தோடு பாராட்டி எழுது.

6. கடைசி பஸ் உனக்கு இல்லை
கடைசி பஸ் வரவில்லையென்றால் அடுத்தது காலையில்தான். அதற்கு முந்தினதையே உன் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள். கிராப்புக்கு இருபது, முப்பது வெள்ளியைப் பர்ஸின் உள்ளறையில் மடித்து வை. நாசி லெமாக் வாங்க அதை எடுக்காதே!