வீட்டுப் பட்டறையில் ஒரு டாங்கி

1916-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சொம் போர்க்களத்தில், மாந்தர் அதுவரை கண்டிராத ஊர்தி ஒன்று புகுந்தது. இரும்புக் கவசம் பூண்டு, பள்ளங்களைக் கடந்து, முள்வேலிகளை மிதித்து ஊர்ந்து வந்த அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'டாங்க்' என்பதாகும். நீர்த்தொட்டியை அவர்கள் குறிப்பிடும் சொல் அது. இந்தியாவில் ஏரி குளங்களுக்கும் அச்சொல்லையே வழங்கினர். பகைவர் ஐயுறாதவாறு, ஏதோ நீர் சுமக்கும் தொட்டி செய்யப்படுகிறது என்று எல்லாரும் எண்ணட்டும் என்றே அப்பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. தமிழில் அது டாங்கி ஆயிற்று.

இதற்கு ஓராண்டு முன்னர், இங்கிலாந்தில் லிங்கன் என்னும் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வில்லியம் டிரிட்டன், வால்டர் வில்சன் என்னும் பொறிஞர் இருவர் இவ்வூர்தியின் முன்மாதிரியைச் செய்துகொண்டிருந்தனர். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சங்கிலிப்பட்டைகளை அதற்குப் பூட்டிப் பார்த்தபோது, பள்ளத்தின் விளிம்பில் அவை தொய்ந்து கழன்றன. 1915 செப்டம்பரில், அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை வார்ப்புக் கண்ணிகளோடு தறைந்து, டிரிட்டன் தாமே புதிய பட்டை ஒன்றை அமைத்தார். அது கழலவில்லை. கவசத் தகடு, பீரங்கி, எஞ்சின் ஆகிய மூன்றும் உலகில் முன்னரே இருந்தவை. கழலாத பட்டை கிடைத்த பின்னரே டாங்கி பிறந்தது எனலாம். பெரிதாயினும் சிறிதாயினும் டாங்கி செய்யப் புகுவோர் எவரும் அப்பட்டையோடு போராடியே தீரவேண்டும்.

சிறிதாகவும் செய்வார் உளரோ எனின், உளர். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில், பகலில் வேறு தொழில் புரிந்து, மாலையில் தம் வீட்டுப் பட்டறையில் ஓடும் டாங்கிகளைச் செய்யும் கைவினைஞர் பலர் இருக்கின்றனர். ஆயத்த உறுப்புகளை வாங்கிப் பூட்டுவாரும் உண்டு. தகட்டையும் கம்பியையும் வாங்கி, அனைத்தையும் தம் கையாலேயே ஆக்குவார் ஒரு சிலரே. அவர் பெரும்பாலும் கொள்ளும் அளவு ஆறில் ஒன்று ஆகும். 6 அடி உயரமுள்ள மனிதன் அவ்வளவில் 1 அடிப் பொம்மையாவான். அப்பொம்மைகள் கடைகளில் எளிதிற் கிடைப்பதால், டாங்கியின் மேல்வாயிலில் ஒரு வீரனை நிறுத்துவதும் எளிதாகிறது.

இவர்கள் விரும்பிச் செய்வனவற்றுள் 'ஷெர்மன்' டாங்கி ஒன்று. 1942 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழிற்சாலைகள் 49,000-க்கும் மேற்பட்ட ஷெர்மன்களை ஆக்கின. இந்தியப் படையிலும் அது பணிபுரிந்து, 1965-ஆம் ஆண்டுப் போரில் களம் கண்டது. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில், 1942-இல் லீமா நகரத்து ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் உருவான பழைய ஷெர்மன் ஒன்று இன்றும் நிற்கிறது. இத்தகைய இடங்களுக்குச் சென்று, அளவு நாடாவைக் கொண்டு மூலைமுடுக்கெல்லாம் அளந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதே வேலையின் தொடக்கம்.

ஷெர்மனின் நீளம் ஏறத்தாழ 19 அடி. உயரம் 9 அடி. ஆறால் வகுத்தால் மாதிரியின் நீளம் 3 அடி 2 அங்குலமும், உயரம் 1½ அடியும் ஆகின்றன. எடையையும் அவ்வாறே வகுக்கலாம் என்று கருதுவோர் ஏமாறுவர். மெய்யான டாங்கியின் எடை ஏறத்தாழ 30 டன். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் ஆறில் ஒன்றாகச் சுருங்குவதால், எடை 6 × 6 × 6, அதாவது 216-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒவ்வொரு தகட்டையும் அளவு பிசகாமல் எஃகிலேயே செய்தால் மாதிரி ஏறத்தாழ 140 கிலோகிராம் இருக்கும். இருவர் கூடித் தூக்குவதற்கும் அரிய சுமை அது. ஆதலின் கைவினைஞர் பலர் கவசத்தின் கனத்தைக் குறைத்து, அலுமினியத் தகட்டையும் ஒட்டுப்பலகையையும் கையாளுகின்றனர். வெளித்தோற்றம் மாறுவதில்லை.

அளவு மாறினால் தன்மையும் மாறும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் எலும்புகளைக் கொண்டு விளக்கினார். பட்டறையில் அவ்விதி சுருள்வில்லில் வெளிப்படுகிறது. ஷெர்மனின் சக்கரங்களைத் தாங்கும் வில், பட்டையான எஃகைச் சங்கு போலச் சுற்றி அமைத்தது. அதனை அப்படியே ஆறில் ஒன்றாகச் செய்தால் வில்லின் விறைப்பு ஆறில் ஒரு பங்காகும். அதன்மேல் அமரும் எடையோ 216-இல் ஒரு பங்காகும். ஆகவே வில் அமுங்கவேண்டிய அளவில் ஆறில் ஒரு பங்கே அமுங்கும். வண்டி கல்லின்மேல் ஏறினால் கட்டை வண்டியைப் போலக் குதிக்கும். இதனை அறிந்தவர் மெல்லிய சுருள்வில்லை உள்ளே மறைத்து வைப்பர். உருவில் மூலத்தை ஒத்திருந்தும் ஓடும் தன்மையில் ஒவ்வாதிருப்பதினும், கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் சிறிது மாறுபட்டு இயல்பாக ஓடுவதே மேலானது.

உடலை அமைத்தல் கடினமன்று. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பின்னர்த் தகட்டில் கோடிட்டு அறுத்து, அரத்தால் ராவி, திருகாணிகளால் இணைப்பர். பீரங்கிக் குழலைத் துளையிடாது, முழுக் கம்பியிலேயே கடைந்து எடுப்பர். வாயில் மட்டும் சிறு குழி இருக்கும்.

பட்டைதான் பொறுமையைச் சோதிப்பது. ஷெர்மனின் ஒரு பக்கத்துப் பட்டையில் 79 கண்ணிகள் உள்ளன. இரு பக்கமும் சேர்ந்து 158. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு ஊசிகள் குறுக்கே செல்லும். அடுத்தடுத்த கண்ணிகளின் ஊசிகளை இரு முனைகளிலும் இணைப்புத் துண்டுகள் பிடித்திருக்கும். ஆக, கண்ணிகள் 158, ஊசிகள் 316, இணைப்புகள் 316, மொத்தம் 790 உறுப்புகள். நாளொன்றுக்கு 5 கண்ணி வீதம் செய்தாலும் கண்ணிகளை முடிப்பதற்கே ஒரு திங்களுக்கு மேலாகும்.

மெய்யான பட்டையில் ஒரு கண்ணிக்கும் மறு கண்ணிக்கும் இடைத்தொலைவு 6 அங்குலம்; மாதிரியில் அது சரியாக 1 அங்குலம். 13 பற்களுள்ள முன்சக்கரம் பட்டையைப் பற்றி இழுப்பதால், எல்லாக் கண்ணிகளிலும் இத்தொலைவு ஒத்திருத்தல் வேண்டும். ஒரு தாளின் கனமாகிய 0.1 மில்லிமீட்டர் ஒவ்வொன்றிலும் கூடினால், 79 கண்ணிகளில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கூடிவிடும். பற்கள் இணைப்புகளுக்கு இடையில் விழாமல் தலையில் ஏறும், பட்டை கழலும். டிரிட்டன் பட்ட துன்பம் மீண்டும் தோன்றும். ஆதலின் கைவினைஞர் ஒவ்வொரு கண்ணியையும் அளந்து துளையிடுவதில்லை. முதலில் தடித்த எஃகில் 'ஜிக்' எனப்படும் வழிகாட்டி ஒன்றைச் செய்கின்றனர். அதிலுள்ள இரண்டு துளைகளின் இடைத்தொலைவைப் பலமுறை சரிபார்க்கின்றனர். பின்னர் எல்லாத் துண்டுகளையும் அதனுள் இருத்தியே துளைக்கின்றனர். ஜிக் செய்வதற்கு ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரம் வீணன்று. இணைப்புத் துண்டுகளை மெழுகில் உருவாக்கிப் பித்தளையில் வார்ப்பாரும் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்த்துவரும் மெழுகு வார்ப்பு முறையே அது.

ஓட்டுவதற்கு, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு மின்மோட்டார்கள் வைக்கப்படும். சக்கர நாற்காலிகளில் பயன்படும் மோட்டார்கள் இதற்கு ஏற்றவை. இரண்டும் ஒரே வேகத்திற் சுழன்றால் வண்டி நேரே செல்லும். ஒன்று தளர்ந்தால் அப்பக்கம் திரும்பும். மெய்யான ஷெர்மன் நல்ல சாலையில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்லும். மாதிரிக்கு விரைந்து நடப்பவரின் வேகமே போதும்.

முதல் ஓட்டம் தரையில் நிகழ்வதில்லை. உடலைக் கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்து, பட்டைகள் காற்றிற் சுழலும்படி விடுவர். அப்போது பட்டைக்கும் பற்சக்கரத்திற்கும் இடையே விரலை நீட்டுதல் பெருந்தீங்காகும். மோட்டாருக்கு விரலும் கண்ணியும் ஒன்றே. மின்னோட்டத்தை உடனே நிறுத்தும் விசை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

அடுத்துப் புல்தரை. நேரே செல்லும்போது பட்டை அமைதியாக உருளும். திரும்பும்போதுதான் பக்கவாட்டில் இழுபட்டுக் கழல முயலும். அதற்கு மருந்து பின்சக்கரத்தில் உள்ளது. அதன் அச்சு மையம் விலகி அமைந்திருப்பதால், அச்சைச் சிறிது திருப்பினாலே பட்டை இறுகும். இறுக்கம் மிகுந்தால் மோட்டார் திணறும். குறைந்தால் பட்டை நழுவும். சில நாள் ஓடிய பின்னர் ஊசிகள் துளைகளில் தேய்ந்து இடங்கொள்ள, பட்டை மீண்டும் நீளும். பின்சக்கரத்தைத் திருப்ப இனி இடமில்லை என்னும் நிலையில், மெய்யான டாங்கியின் வீரர்கள் செய்தவாறே, ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு 78 கண்ணிகளோடு பட்டையைப் பூட்டிவிடுவர்.