மஸ்டர் படிக்க வரும் புதுக் கணக்குப்பிள்ளை

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதப் புதிதாகச் சேர்ந்த பையன், வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போர்மேனிடம் போய் நிற்பான். “அண்ணாச்சி, செவ்வாக்கிழமை ஏன் ஒண்ணுமே போடல?” அன்றைக்கு மழை, சரக்கு காயவில்லை, அறையே திறக்கவில்லை என்று பதில் வரும். அதே வருகைப் பதிவை எடுத்துத் தரும் கருவியை ஏஐ ஏஜென்ட் கையில் கொடுத்தால், அது பெரும்பாலும் கேட்காது. காலிக் கட்டத்தை ‘வரவில்லை’ என்று வைத்துக்கொண்டு கூலிக் கணக்கை முடித்துவிடும். போர்மேன் வாயில் இருப்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் பயனர் கையேட்டை அப்படியே கொடுப்பது முதல் வழி. செலவில்லை, பலனும் அவ்வளவுதான். வலது மூலையில் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லும் கையேடு, திரையே பார்க்காத ஏஜென்ட்டுக்கு எதற்கு? நாற்பது பக்கத்தையும் ஒவ்வொரு முறையும் படிக்க வைத்தால் மாடலுக்கு ஆகும் செலவும் ஏறும். ஒத்திகை பார்க்க மட்டும் சரி.

கருவியின் வரையறைக்குள்ளேயே சுருக்கமாக எழுதுவது இரண்டாவது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் இதுதான் முறை: கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல். விளக்கத்தைப் பார்த்துத்தான் மாடல் அதைக் கூப்பிடலாமா என்று முடிவெடுக்கிறது. என் ஓட்டு இதற்கே. ஆனால் “வருகை விவரம் தரும்” என்று ஒற்றை வரியில் முடித்தால் எழுதாததற்குச் சமம். இப்படி எழுதலாம்: “தொழிலாளியின் டோக்கன் எண்ணும் தேதி வரம்பும் கொடுத்தால், உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் தரும். கூலி தராது. காலிக் கட்டம் என்றால் பதிவு இல்லை என்று மட்டுமே பொருள். விடுப்பு என்று கொள்ளாதே. ஒரு தடவைக்கு 100 வரிதான் வரும். மீதி இருந்தால் அடுத்த பக்கத்தைக் கேள்.”

பெயரை வைத்துத் தேட விடவே கூடாது. இருக்கன்குடி மாரியம்மன் இருக்கும் மாவட்டத்தில் ஒரே ஆலையில் எத்தனை மாரியம்மாள், எத்தனை முத்துமாரி! ஆங்கிலத்தில் பெயரை எழுதும்போது ஓர் எழுத்து கூடினால் ஒருவரே இரண்டு ஆளாகிவிடுவார். எந்த நாட்டு நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். காவலாளி காலை 5.20க்கு வைத்த பதிவு, உலகப் பொது நேரத்தில் முந்தின நாள் இரவு 11.50.

குறுவிளக்கத்தோடு ஒரு தனி அகராதியும் மாதிரிக் கேள்வி பதில்களும் வைத்து, தேவைப்படும்போது ஏஜென்ட் அதைத் திறந்து பார்க்க விடுவது மூன்றாவது வழி. உருப்படிக் கணக்கில் கூலி தரும் பீஸ் ரேட் ஆலைக்கு இது இல்லாமல் முடியாது. அங்கே கூலி குரோஸ் கணக்கில் ஏறும். ஒரு குரோஸ் 144. மணி நேரத்தை மட்டும் தரும் கருவியை வைத்து ஓவர்டைம் போடச் சொன்னால் ஏஜென்ட் எந்த ரேட்டை எடுக்கும்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வகுத்தது. முந்தைய மாதத்தில் அதே வேலையை உண்மையாகச் செய்த நாட்களின் சராசரி வருமானத்தை, ஓவர்டைமைக் கழித்துவிட்டு, நேரக் கூலியாக எடுத்துக்கொண்டு அதில் இரட்டிப்புத் தர வேண்டும் என்றது அது. ஆக, அந்த முறையில் போட்டால் இந்த மாதக் கணக்குக்குப் போன மாத மஸ்டரும் உற்பத்திப் பதிவும் வேண்டும். இதையெல்லாம் குறுவிளக்கத்தில் திணித்தால் தாங்காது. அகராதியில் ஒரு முழு உதாரணமாகப் போட்டுவிடலாம். ஒரு குறை உண்டு. தனக்கே தெரியும் என்று நினைக்கும் ஏஜென்ட் அகராதியைத் திறக்காமலே போய்விடும். தவறினால் ஆபத்து என்கிற வரிகளை அங்கே ஒளித்து வைக்க வேண்டாம்.

அப்படி ஒரு வரி இந்த ஊரில் கட்டாயம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். உள்குத்தகைக்கு விட்ட அறையில் வேலை பார்ப்பவர் பெயரும் மஸ்டரில் ஏறாமல் இருக்கலாம். விபத்து நேரத்தில் யாராவது பதற்றத்தோடு ஏஜென்ட்டிடம் “உள்ளே எத்தனை பேர்?” என்று கேட்டால், அது இந்தக் கருவியைத்தான் கூப்பிடும், ஓர் எண்ணையும் தயங்காமல் சொல்லும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் விளக்கத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: “இது வருகைப் பதிவு, இப்போது உள்ளே இருப்பவர்களின் பட்டியல் அல்ல. அதைக் கேட்டால் எண் சொல்லாதே, வாசல் காவலரையும் போர்மேனையும் கேட்கச் சொல்.”