ஈரக்காற்றும் எரிபொருளும்

குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரை எங்கள் கடற்கரைப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்றே வீசுகிறது. ‘இத்தகைய ஊரில் நிலைமின்சாரம் தங்குமா? பெட்ரோல் பங்க்கில் அதற்கு அஞ்ச வேண்டுமா?’ என்னும் ஐயம் பலருக்கு எழக்கூடும். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை ஆராய விரும்புகிறேன்.

இருவேறு பொருள்கள் உரசிப் பிரியும்போது எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. அதனால் தோன்றும் மின்னூட்டம், வெளியேற வழியின்றேல் அங்கேயே தேங்குகிறது. ஈரக்காற்றில் ஆடை முதலியவற்றின்மீது மெல்லிய நீர்ப்படலம் படிவதால் மின்னூட்டம் கசிந்துவிடும். ஆகவே மேற்கண்ட ஐயத்தில் ஓரளவு உண்மை உண்டு.

ஆனால், பெட்ரோல் குழாய்க்குள் ஓடும்போதே மின்னூட்டம் பெறுகிறது. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வெளிக்காற்றின் ஈரமோ உள்ளிருக்கும் திரவத்தை எட்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 150 பிகோஃபாரட். உடலின் மின்னழுத்தம் 3,000 வோல்ட் ஆனால், அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 0.7 மில்லிஜூல். விரல் நுனியில் ‘சுருக்’கென்று உணரத்தக்க மிகச் சிறிய பொறி ஏறத்தாழ இதுவே. காற்றுடன் தக்க அளவில் கலந்த பெட்ரோல் ஆவி தீப்பற்றவோ 0.3 மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றலே போதும். நாம் உணராத பொறியும் தீமூட்ட வல்லது என்பது இதனால் விளங்கும்.

ஈரம் காக்கும் என்று நம்புவோர் 1969 டிசம்பரை நினைவிற் கொள்ள வேண்டும். மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, ஏழாம் ஹாக்கோன் மன்னர் பெயர் தாங்கிய நார்வேக் கப்பல் ஆகிய மூன்று பெரும் எண்ணெய்க் கப்பல்கள் அம்மாதத்தில் ஆப்பிரிக்கக் கடற்பகுதியில் வெடித்தன. வெற்றுத் தொட்டிகளை நீரைப் பீச்சிக் கழுவுகையில் இவ்விபத்துகள் நேர்ந்தன. சிதறிய நீர்த்துளிப் படலமே மின்னூட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவு.

எனவே நம்மைக் காப்பது ஈரமன்று. மின்னூட்டம் நிலத்துக்கு இறங்கும் வழியே. டேங்கர் லாரியிலிருந்து எண்ணெய் இறக்குமுன் எர்த் கம்பி மாட்டுவது இதற்காகத்தான். படகுக்கோ இயந்திரத்துக்கோ பெட்ரோல் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. சாதாரண பிளாஸ்டிக் கேன், பாட்டில் ஆகியவற்றைத் தவிர்த்து, அனுமதிக்கப்பட்ட உலோகக் கேனையே பயன்படுத்துதல்.
2. கேனை வண்டிமேல் வைக்காமல் தரையில் வைத்தல். ரப்பர் டயர் மின்னூட்டம் இறங்கத் தடையாகலாம்.
3. குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடியே மெதுவாக நிரப்புதல்.

கேன் தூக்கிச் செல்வோர் நம் தந்தையரும் அண்ணன்மாருமே. இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பதே நாம் கற்ற கல்வியின் பயனாகும்.