பில்லி ஹாலிடே: திரைப்படம் காட்டாத 11 ஆண்டுகள்

போதை நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் மனத்தில் பெரும்பாலும் ஒரே வினா நிற்கும்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டால் நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாமா? இதனை ஆராய 1972-இல் வெளிவந்த 'லேடி சிங்ஸ் த புளூஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் துணைபுரியும். ஜாஸ், புளூஸ் இசையின் தலைசிறந்த பாடகியருள் ஒருவரான பில்லி ஹாலிடேயின் வாழ்க்கையைக் கூறுவது அப்படம். ஹாலிடேயாக நடித்த டயானா ராஸ் தாமும் ஒரு பாடகி. ராஸின் குரல் ஹாலிடேயின் குரலன்று. ஆயினும் நடிப்பில் குறை கூறுவதற்கில்லை.

படத்தின் தொடக்கத்திலேயே, சிறையறையில் கைகள் பிணைக்கப்பட்ட நிலையில் அவர் அலறித் துடிக்கிறார். ஹெராயின் திடீரென நின்றுபோனால் உடல் படும் பாடு அது: வியர்வை, மூக்கொழுகல், தசைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. சில நாள்களில் இக்கடுமை தணிந்துவிடும். அதனால்தான் இதைக் கடந்தால் போதும் என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். படமும் அவ்வெண்ணத்திற்கே இடங்கொடுக்கிறது. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் பாடும் வெற்றிக் காட்சியோடு அது முடிகிறது. பின்னர் நேர்ந்த துயரங்கள் நாளிதழ்த் தலைப்புகளாகத் தோன்றி மறைகின்றன.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. 1947-இல் தண்டனை பெற்ற ஹாலிடே, மேற்கு வர்ஜீனியாவிலுள்ள ஆல்டர்சன் சிறையிலிருந்து 1948 மார்ச்சில் விடுதலையானார். அம்மாதம் 27-ஆம் நாள் கார்னகி அரங்கில் பாடினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆயின் சிறைத் தண்டனையின் காரணமாக, மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கான உரிமத்தை நியூயார்க்கில் அவர் இழந்திருந்தார். அவருடைய அன்றாடப் பிழைப்பு அவ்விடுதிகளில்தான் இருந்தது. படத்தில் அன்பே உருவாக வரும் கணவர் லூயிஸ் மெக்கே, மெய்வாழ்வில் அவரை அடித்துத் துன்புறுத்தியவர் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். போதைப் பழக்கம் மீண்டும் தொற்றியது, குடியும் மிகுந்தது.

நோய் மீள்வது மனவுறுதியின்மை மட்டுமன்று. நீரிழிவைப் போல இதுவும் நெடுநாள் கவனிக்கப்பட வேண்டிய நோய். இங்கே உற்றார் அறிய வேண்டிய ஆபத்து ஒன்றுண்டு. சில வாரங்கள் ஹெராயினை விட்டிருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும்; முன்பு பழகிய அதே அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஆகவே சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வெளிவந்த முதற்சில வாரங்களில் மிகுந்த விழிப்பு வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் தீங்கானது. வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிருக்கே கேடு நேரலாம்.

1959 மே மாத இறுதியில் ஹாலிடே, கல்லீரலும் இதயமும் பழுதுற்ற நிலையில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கூறி, நோய்ப்படுக்கையிலேயே காவலர் அவரைக் கைது செய்தனர்; அறை வாயிலில் காவல் நின்றது. ஜூலை 17 அன்று, 44-ஆம் வயதில் அவர் இறந்தார். 2021-இல் வந்த 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் வெர்சஸ் பில்லி ஹாலிடே' என்னும் படம் இவ்விறுதி நாள்களை மறையாது காட்டுகிறது. கலை நயத்தில் முந்தைய படமே மேலெனினும், குடும்பத்தார் இதனையும் பார்ப்பது நன்று.

சில ஆண்டுகளே கழித்து, அதே நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர், ஹெராயினுக்கு அடிமையானோர்க்கு நாள்தோறும் மெத்தடோன் கொடுத்து, அதன் பயனை 1965-இல் வெளியிட்டனர். இன்று பியூப்ரனார்ஃபினும் அவ்வாறே பயன்படுகிறது. ஒரு போதைக்கு மற்றொரு போதையா என்று ஐயுறுவோர் உண்டு. மருத்துவர் வகுத்த அளவில் இம்மருந்து மயக்கம் தருவதில்லை. ஏக்கத்தைத் தணித்து, நோயாளியைப் பணிக்கும் குடும்பத்திற்கும் திரும்பச் செய்கிறது. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தொடர வேண்டிய இதனை, உடல் தேறிவிட்டதென்று கருதி வீட்டாரே நிறுத்துதல் கூடாது.